மூளைப் பட மையத்துக்குத் தலைவர் தேவை (நட்சத்திரங்கள் பொறுத்தருள்க!)

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரு பல்கலைக்கழகம் மூளைப் பட ஆராய்ச்சி மையம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கட்டடம். அப்புறம் 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவி. ஒரு டெஸ்லாவுக்கு 10 லட்சம் டாலர் என்பது அந்த வட்டாரத்தில் புழங்கும் தோராயக் கணக்கு. ஆக, கருவிக்கு மட்டும் சுமார் 30 லட்சம் டாலர். வெளியே அலையும் ரேடியோ அலைகள் உள்ளே நுழையாமலிருக்க அறையைச் சுற்றிச் செப்புத் தகடு. கிரேன் வைத்துக் காந்தத்தை இறக்கும் நாளில் பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று போட்டோ. எல்லாம் முடிந்த பிறகு ஒரு சங்கதி ஞாபகத்துக்கு வரும். இதை நடத்த ஓர் ஆள் வேண்டுமே!

உடனே ஒரு தேர்வுக் குழு, ஒரு விளம்பரம். இந்த மாதிரி விளம்பரங்களைப் பத்து படித்தால் போதும், பதினொன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். உலகப் புகழ் வேண்டும். தொலைநோக்கு வேண்டும். பெரிய பத்திரிகைகளில் கட்டுரைகள் வேண்டும். ஆராய்ச்சி நிதியை அள்ளிக்கொண்டு வந்த வரலாறு வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், ஒரு நட்சத்திரம் வேண்டும்.

இந்தத் தேடலே தப்பு. கொஞ்சம் தப்பு என்றுகூட இல்லை, அடியோடு தப்பு. ஒரு பொதுச் சொத்தைக் காப்பதற்கு ஆள் எடுக்கிற இடத்தில், தனிச் சொத்து சேர்ப்பதில் கெட்டிக்காரர் யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதன் விலையைக் கொடுப்பது தேர்வுக் குழு இல்லை. மாணவர்களும், கருவிக்குள் படுக்கிற தொண்டர்களும், வரி கட்டுகிற பொதுஜனமும்தான்.

மையம் என்றால் என்ன?

ஒரு பேராசிரியரின் ஆய்வகம் வேறு, மையம் வேறு. ஆய்வகத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். மையத்தில் அப்படி இருக்க முடியாது. உளவியல், நரம்பியல், மனநல மருத்துவம், மின்பொறியியல், மொழியியல் என்று பல துறைகள் அந்த ஒரே கருவியை நம்பியிருக்கும். மணிக்குச் சில நூறு டாலர் கட்டணம். எவ்வளவு புகழ் பெற்றவர் வந்தாலும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான்.

தமிழ்நாட்டில் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது அவர் பொறுப்பு. தண்ணீர் குறைந்த வருடத்தில் ஊர் சண்டையில்லாமல் இருந்தால் அது அவர் சாமர்த்தியம். ஊரிலேயே பெரிய மிராசுதாரைப் பிடித்து அந்த வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும்? யார் வயல் முதலில் நனையும் என்று சொல்லவும் வேண்டுமா? மையத் தலைவர் பதவிக்கு மிகப் பெரிய ஆய்வகம் வைத்திருப்பவரைத் தேடுவதும் இதே கதைதான். பகல் 10 மணி நேரங்கள் அவர் ஆய்வகத்துக்கு. இரவு 11 மணி நேரங்கள் வேறு துறையின் முதலாண்டு மாணவிக்கு. இதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மனிதராக இருந்தால் போதும்.

அடுத்தது பாதுகாப்பு. 3 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 60,000 மடங்கு. திரவ ஹீலியத்தில் மூழ்கி மைனஸ் 269 டிகிரியில் இருக்கும் அந்தக் காந்தம் எப்போதும் விழித்திருக்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் போகலாம், காந்தத்தை அணைத்துவிட்டுப் போக முடியாது. 2001-இல் நியூயார்க் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இருந்த 6 வயதுச் சிறுவன் இறந்தான். அறைக்குள் யாரோ கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் காந்தம் இழுத்து அவன் தலையில் மோதவிட்டது. அமெரிக்கக் கதிரியக்கவியல் வட்டாரமே அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டு, யார் எந்தக் கதவைத் தாண்டலாம் என்று விரிவான விதிகள் எழுதியது. விதிகள் காகிதத்தில் இருக்கும். கதவருகே அவற்றைக் காப்பாற்றுவது ஒரு ஊழியர். "பேராசிரியரே, உங்கள் சாவிக்கொத்தை வெளியே வையுங்கள்" என்று அந்த ஊழியர் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா என்பது தலைவரைப் பொறுத்தது.

செத்த மீன் நடத்திய பாடம்

சரி, நேரப் பங்கீடும் பாதுகாப்பும் குமாஸ்தா வேலை, அதற்கு ஒரு மேலாளரை வைத்துக்கொள்ளலாம், தலைவர் அறிவியலைப் பார்க்கட்டும் என்று சிலர் சப்பைக்கட்டு கட்டுவார்கள். அறிவியலுக்கே வருவோம்.

எஃப்.எம்.ஆர்.ஐ. சிந்தனையைப் படம் பிடிப்பதில்லை. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாயும். அதனால் காந்த சமிக்ஞை இம்மியளவு மாறும். பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா 1990-இல் எலிகளிடம் இந்த விளைவைக் காட்டினார். 1992-இல் மனிதர்களிடம் எடுத்த முதல் முடிவுகள் வெளிவந்தன. மாற்றம் பெரும்பாலும் சில சதவீதம்தான். அதை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பது முழுக்கப் புள்ளியியலின் வேலை.

வில்லங்கம் அங்கேதான். மூளையை வாக்ஸல் எனப்படும் சின்னச் சின்னக் கனசதுரங்களாக வெட்டி ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சோதனை செய்கிறார்கள். ஒரு லட்சம் வாக்ஸல் என்று வையுங்கள். 5 சதவீதப் பிழையை அனுமதித்தால், ஒன்றுமே நடக்காத மூளையிலும் 5,000 இடங்கள் "எரியும்". இதற்குத் திருத்தம் போட வேண்டும் என்பது தெரிந்த விஷயம்தான். இருந்தும் பலர் போடாமலே காலம் தள்ளினார்கள். 2009-இல் கிரெய்க் பென்னெட்டும் கூட்டாளிகளும் ஒரு செத்த சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்தார்கள். மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று மீனிடம் "கேட்டார்கள்". திருத்தம் போடாத கணக்கில் செத்த மீனின் மூளை யோசித்தது! திருத்தம் போட்டதும் யோசனை காணாமல் போனது. 2012-இல் இதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் பரிசு அது. சிரித்தவர்கள் அதிகம் :-)

மீனோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வரிசையாகப் பாருங்கள்.

2009: எட்வர்ட் வுல்லும் மற்றவர்களும் 55 கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். குணத்துக்கும் மூளைக்கும் வியக்கத்தக்க தொடர்பு என்று சொன்ன ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, அதே தரவைக் கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதே தரவைக் கொண்டு அதன் பலத்தையும் அளந்திருந்தன. பரீட்சைக்கு விடை பார்த்து எழுதிவிட்டு முதல் மார்க் என்று சொல்வதற்கு வேறென்ன பெயர்?

2013: கேத்தரின் பட்டனும் கூட்டாளிகளும் நரம்பியல் ஆய்வுகளின் புள்ளியியல் திறனைக் கணக்கிட்டார்கள். தாங்கள் பார்த்த மூளைப் பட ஆய்வுகளில் இடைநிலைத் திறன் 8 சதவீதம் என்றார்கள். உண்மையான விளைவு ஒன்று இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க நூற்றுக்கு எட்டு வாய்ப்பு.

2016: ஆண்டர்ஸ் எக்லண்ட், தாமஸ் நிகோல்ஸ், ஹான்ஸ் நட்சன் மூவரும் 499 ஆரோக்கியமானவர்களின் தரவை வைத்து 30 லட்சம் போலி ஆய்வுகளை ஓட்டினார்கள். 5 சதவீதம் இருக்க வேண்டிய பொய் முடிவுகள், புழக்கத்தில் இருந்த மென்பொருள்களில், சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போயின. ஒரு மென்பொருளில் இருந்த பிழை 15 வருடம் யார் கண்ணிலும் படவில்லை. எத்தனை ஆய்வுகள் இதனால் பாதிக்கப்பட்டன என்று முதலில் சொன்ன எண் மிகை என்று பிறகு அவர்களே திருத்திக்கொண்டார்கள். அடிப்படைக் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது.

2020: 108 பேரின் ஒரே தரவு 70 குழுக்களிடம் கொடுக்கப்பட்டது. கேள்விகள் 9, எல்லோருக்கும் ஒன்றே. எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. சில கேள்விகளுக்குப் பதில்களும் கணிசமாக வேறுபட்டன.

2022: ஸ்காட் மாரெக்கும் மற்றவர்களும் சுமார் 50,000 பேரின் தரவைப் பார்த்துவிட்டுச் சொன்னது: மூளை அமைப்புக்கும் மனிதரின் குணம், திறமை போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நம்பகமாகப் பேச ஆயிரக்கணக்கானவர்கள் தேவை. துறையின் வழக்கமான ஆய்வில் இருந்ததோ சுமார் 25 பேர்.

இதில் மையத் தலைவர் எங்கே வந்தார்?

எல்லா இடத்திலும் வந்தார். மேலே சொன்ன தப்புகளில் பெரும்பாலானவை மோசடி இல்லை. தனித்தனி ஆய்வகங்கள் தனித்தனி அவசரத்தில் செய்தவை. 20 பேரை ஸ்கேன் செய்யத்தான் காசு, முடிவு வந்தால்தான் அடுத்த நிதி, மாணவருக்கு ஐந்து வருடத்தில் பட்டம். தனி ஆள் நினைத்து இதை மாற்றுவது கஷ்டம். மையம் நினைத்தால் முடியும். எத்தனை பேரை ஸ்கேன் செய்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்ற கணக்கு இல்லாமல் நேரம் ஒதுக்குவதில்லை என்று மையம் சொல்லலாம். ஆய்வுத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லலாம். இரண்டு சின்ன ஆய்வுகளைச் சேர்த்து ஒன்றாக்கலாம். எல்லாத் தரவையும் ஒரே வடிவத்தில் சேமிக்கலாம். சரிபார்க்கப்பட்ட மென்பொருள் வரிசையை எல்லோருக்கும் கொடுக்கலாம். கருவியின் நிலைத்தன்மையை ஜெல் நிரப்பிய உருண்டையை வைத்துத் தினமும் சோதிக்கலாம்.

இதையெல்லாம் செய்ய, சக பேராசிரியர்களிடம் "முடியாது" என்று சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும். இந்தத் தப்புகளாலேயே ஏணி ஏறிய ஒருவர் அதைச் சொல்வாரா? கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆள் எடுத்தால், சின்னக் கூட்டத்தில் பெரிய முடிவு எடுத்தவர்தான் பட்டியலின் தலையில் இருப்பார். மீனுக்கு வேலை கொடுத்துவிட்டுக் குளத்தைச் சுத்தமாக வைக்கச் சொல்வது போல!

நட்சத்திரத்தை நம்பிய கதை

பல்கலைக்கழக மையத்தைவிடப் பல மடங்கு பெரிய உதாரணம் ஒன்று உண்டு. பெரிதாக இருப்பதாலேயே பாடம் தெளிவாகத் தெரிகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி மார்க்ரம் திறமைசாலி, நாவன்மை மிக்கவர். 2009-இல் ஒரு மேடையில், மனித மூளையைக் கணினியில் கட்ட முடியும், பத்தே வருடத்தில் முடியும் என்றார். 2013-இல் ஐரோப்பிய ஆணையம் அவர் முன்னின்ற மனித மூளைத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. பத்து வருடத்துக்கு 100 கோடி யூரோ என்பது அன்றைய மதிப்பீடு.

ஒரு வருடம்கூட ஒழுங்காக ஓடவில்லை. மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் அறிவாற்றல் நரம்பியல் பிரிவு மையத் திட்டத்திலிருந்து கழற்றிவிடப்பட்டது. 2014 ஜூலையில் நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நோக்கம் குறுகிவிட்டது, நிர்வாகத்தில் வெளிப்படை இல்லை என்பது அவர்கள் புகார். சமரசக் குழு வந்தது. அதன் அறிக்கையும் நிர்வாக அமைப்பைக் குறை சொன்னது. 2015-இல் மார்க்ரம் உட்பட மூவர் இருந்த நிர்வாகக் குழு கலைக்கப்பட்டது. 2023-இல் திட்டம் முடிந்தபோது கணினிக்குள் மனித மூளை எதுவும் இல்லை.

கதையின் பின்பாதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2016-இல் அறிவியல் பொறுப்புக்கு வந்தவர் காத்ரின் அமுன்ட்ஸ் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர். அதற்கு முன் அவரும் மாண்ட்ரியலைச் சேர்ந்த ஆலன் எவன்ஸும் கூட்டாளிகளும் செய்த வேலை என்ன தெரியுமா? இறந்த ஒரு 65 வயதுப் பெண்மணியின் மூளையை 7,404 மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, படமெடுத்து, கிழிசல்களைச் சரிசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 2013-இல் உலகமே பார்க்கும்படி திறந்து வைத்தார்கள். பொறுமை, பொறுமை, இன்னும் பொறுமை. மனித மூளைத் திட்டம் விட்டுச்சென்றவற்றில் இன்றும் பயன்படுவது மூளை வரைபடங்களும் பொதுத் தரவுத் தளமும்தான். சவடால் போய்விட்டது. சீவல்கள் நிற்கின்றன.

சரியான ஆட்கள் எப்படி இருப்பார்கள்?

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் உள்ள பட ஆராய்ச்சி மையத்துக்கு 2009 முதல் 2014 வரை ரஸ்ஸல் போல்ட்ராக் இயக்குநராக இருந்தார். 2006-இலேயே அவர் தன் துறையினர் செய்யும் ஒரு தர்க்கப் பிழையைச் சுட்டிக்காட்டியிருந்தார். மூளையில் இந்த இடம் எரிகிறது, ஆகவே இவருக்கு இந்த உணர்ச்சி என்று பின்னோக்கிப் போகும் ஊகம் அது. 2011-இல் நியூயார்க் டைம்ஸில் ஒருவர், ஸ்கேன் செய்து பார்த்தோம், மக்கள் ஐபோனை உண்மையிலேயே காதலிக்கிறார்கள் என்று எழுதினார். ஆதாரம்? இன்சுலா என்ற பகுதி எரிந்ததாம். போல்ட்ராக்கும் 40-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் உடனே மறுப்புக் கடிதம் எழுதினார்கள். மூளைப் பட ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்குவரை அந்த இடம் எரியும் என்றார்கள்.

இதே ஆஸ்டின் காலத்தில் அவர் இன்னொன்றும் செய்தார். ஒன்றரை வருடத்தில் 100 தடவைக்கு மேல் தானே கருவிக்குள் போய்ப் படுத்தார். ஒரே மூளை நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கத்தான். அந்தத் தரவு முழுவதையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். கருவிக்குள் படுப்பது எப்படி இருக்கும் என்று நூறு தடவை தெரிந்துகொண்ட இயக்குநருக்கு, தொண்டர்களை எப்படி நடத்த வேண்டும் என்று வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

மின்னசோட்டாவில் 1991-இல் காந்த ஒத்ததிர்வு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கிய கமில் உகுர்பில் இன்னோர் ஆள். மனிதரிடம் எடுத்த முதல் எஃப்.எம்.ஆர்.ஐ. முடிவுகளில் ஒன்று அங்கிருந்து வந்தது. கருவியையே மேம்படுத்துவது அந்த மையத்தின் பழக்கம். 2010-இல் தொடங்கிய மனித இணைப்பு வரைபடத் திட்டத்தில் அவரும் செயின்ட் லூயிஸில் டேவிட் வான் எசனும் தலைமை ஏற்றார்கள். சுமார் 1,200 பேரின் தரவு, வேலை செய்ய வசதியான வடிவில், யாருக்கும் கிடைக்கும்படி வைக்கப்பட்டது. சொந்த ஸ்கேனர் இல்லாத ஊர்களில் உட்கார்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்றால் இப்படிப்பட்ட தரவுகளால்தான்.

இவர்களும் பிரபலங்கள்தானே என்று கேட்கலாம். ஆமாம். புகழ் இருப்பது குற்றமில்லை. பொதுச் சொத்தைக் கட்டியதால் வந்த புகழா, அதை உபயோகித்துச் சேர்த்த புகழா என்று தேர்வுக் குழு பிரித்துப் பார்க்க வேண்டும். இன்றைய விளம்பரங்களில் அந்தப் பிரிவினையே இல்லை.

"நட்சத்திரம் வந்தால் பணம் வருமே!"

பலமான எதிர்வாதம் இதுதான். கருவிக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு, ஹீலியம் உண்டு, சம்பளம் உண்டு. நிதி கொண்டுவருபவர் இல்லாவிட்டால் கட்டடம்தான் மிஞ்சும் என்பார்கள். பாதி உண்மை. அந்த நிதி வருவது அவர் ஆய்வகத்துக்கு. அவருக்கு இன்னொரு பல்கலைக்கழகம் இன்னும் பெரிய கருவியைக் காட்டி அழைத்தால், நிதியும் குழுவும் அவர் பின்னாலேயே போய்விடும். மிஞ்சுவது அதே கட்டடம். மையத்தைத் தாங்குவது பத்துத் துறைகள் வாங்கும் பத்து நடுத்தர நிதிகள். அந்தப் பத்துப் பேரும் இங்கே எடுத்த தரவை நம்பலாம் என்று நினைத்தால்தான் அது வரும்.

நட்சத்திரமில்லாதவர் சொன்னால் பேராசிரியர்கள் கேட்க மாட்டார்கள் என்பது இன்னொரு வாதம். அதற்கு மருந்து நியமனக் கடிதத்தில் இருக்கிறது. நேர ஒதுக்கீட்டில் இறுதி அதிகாரம், பாதுகாப்பில்லாத ஆய்வை நிறுத்தும் அதிகாரம், இயற்பியலாளருக்கும் கருவி இயக்குபவருக்கும் நிரந்தரப் பதவி. இந்த மூன்றையும் எழுத்தில் கொடுக்காமல் மதிப்பு வரவில்லையே என்று அழுவதில் அர்த்தமில்லை.

நேர்முகத்தில் கேட்க வேண்டியவை

1. நீங்கள் எடுத்த தரவு எங்கே பொதுவில் இருக்கிறது? அதை வேறு யார் பயன்படுத்தியிருக்கிறார்கள்?

2. ஒரே நேரம் உங்கள் ஆய்வகத்துக்கும் வேண்டும், வேறு துறை மாணவிக்கும் வேண்டும். யாருக்குக் கொடுப்பீர்கள், எந்த விதிப்படி?

3. எந்த ஆய்வை "இது வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்?

4. உங்களோடு வேலை பார்த்த இயற்பியலாளர், கருவி இயக்குபவர், கணினிப் பொறியாளர் இப்போது என்ன பதவியில் இருக்கிறார்கள்? அவர்களிடம் பேசலாமா?

5. நன்றாக இருக்கும் தொண்டர் ஒருவரின் படத்தில் தற்செயலாகக் கட்டி மாதிரி ஏதோ தெரிகிறது. யார், எத்தனை நாளில், எப்படி அவரிடம் சொல்வார்கள்?

தேர்வுக் குழுவில் கருவி இயக்கும் ஊழியர் ஒருவரும் ஆராய்ச்சி மாணவர் ஒருவரும் ஓட்டுரிமையோடு உட்கார வேண்டும். தலைவர் எப்படிப்பட்டவர் என்று முதலில் தெரிந்துகொள்ளப் போவது அவர்கள்தான்.

ஒருவர் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காதில் அடைப்பான் மாட்டிக்கொண்டு, அந்தக் குறுகலான குழாய்க்குள் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கிறார். அவருக்கு இதில் எந்த லாபமும் இல்லை. அறிவியலுக்கு உதவுகிறோம் என்ற நம்பிக்கைதான். அந்த ஒரு மணி நேரம் குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் தலைவரின் வேலை. இதற்குத் தகுதியுள்ளவர் யார் என்று கேட்டால் விளம்பரத்தின் வாசகம் தானாகவே மாறும். கேட்காமல் நட்சத்திரத்துக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த செத்த மீன் அந்தக் கட்டடத்திலிருந்தே வரும்.